பாட்டைப் போட்டது யாரு?

போன வாரம் சோப்பு வாங்க ஒரு பெரிய கடைக்குள்ள போனேன். வெளியே வரும்போது கையில ரெண்டு பை. சோப்பு மட்டும் இல்லை :-) உள்ளே ஏதோ பாட்டு மெதுவா ஓடிட்டு இருந்துச்சு. என்ன பாட்டுன்னு கேட்டா தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய கதை ஞாபகம் வந்துச்சு.

19ஆம் நூற்றாண்டு பாய்மர வணிகக் கப்பல்கள்ல கயிறு இழுக்க 'ஷாண்டி' பாட்டு பாடுவாங்க. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுக்க, மத்தவங்க சேர்ந்து பாடி ஒரே நேரத்துல இழுப்பாங்க. பாடுறதும் அவங்க, இழுக்கறதும் அவங்க. வேகமும் அவங்களோடது.

அடுத்து 1940 பிரிட்டன். உலகப்போர். ஆயுதத் தொழிற்சாலைகள்ல ராத்திரி பகலா வேலை. ஜூன் 23 அன்னிக்கு பிபிசி வானொலி 'மியூசிக் வைல் யூ வொர்க்'னு ஒரு நிகழ்ச்சியை ஆரம்பிச்சுது. காலையில அரை மணி, மதியம் அரை மணி, தொழிற்சாலை ஒலிபெருக்கியில. தூக்கம் வர வைக்கிற பாட்டு கூடாது. கவனத்தைக் கலைக்கிற பாட்டும் கூடாது. 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' பாட்டுக்குத் தடையே போட்டாங்க. ஏன்னா நடுவுல கைதட்டல் வரும். கருவியைக் கீழே போட்டுட்டு எல்லாரும் தட்ட ஆரம்பிச்சா வேலை என்னாகும்? தொழிலாளிகளுக்கும் நிகழ்ச்சி பிடிச்சுத்தான் இருந்தது. போர் முடிஞ்சும் 1967 வரை ஓடுச்சு. ஆனா வேகத்தை முடிவு பண்ணது வேற யாரோ.

அதுக்கப்புறம் கடைக்காரங்க முறை. 1982ல ரொனால்ட் மில்லிமன் ஒரு அமெரிக்க சூப்பர் மார்க்கெட்ல பண்ண ஆய்வை வெளியிட்டார். மெதுவான இசை போட்ட நாள்ல ஜனங்க மெதுவா நடந்தாங்க. வேகமான இசை போட்ட நாளை விட விற்பனை 38 சதவீதம் அதிகம். வெளியே வந்தவங்கள்ல பல பேருக்குப் பாட்டு ஓடுச்சான்னே சரியா சொல்லத் தெரியலை!

உடம்பும் இதுக்கு ஒத்து ஊதுது. 2006ல இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டி குழு 24 பேரை வெச்சு சோதிச்சாங்க. இசையோட வேகம் கூடக்கூட மூச்சு, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஏறுச்சு. நடுவுல ரெண்டு நிமிஷம் இசையை நிறுத்தினா, ஆரம்பத்துல இருந்ததை விடவும் கீழே இறங்குச்சு.

இசை மேல தப்பில்லை. நம்ம காலோட வேகத்தை நமக்குத் தெரியாம இன்னொருத்தர் முடிவு பண்றதுதான் உறுத்துது. அடுத்த தடவை கடைக்குப் போனா, முதல்ல ஒரு நிமிஷம் நின்னு என்ன பாட்டு ஓடுதுன்னு காது கொடுத்துக் கேட்கப் போறேன். நீங்களும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க மக்களே. பையோட கனத்தையும் சேர்த்துத்தான்!