பிள்ளைபிடி

பிள்ளை + பிடி. அடம்பிடிக்கும் குழந்தையை அடக்க, “பிள்ளைபிடிகாரன் வாறான்” என்று தாய்மார் சொல்லிவந்த அச்சச் சொல். இலங்கைப் போர்க்காலத்தில் மட்டக்களப்பில் அந்தப் பொய்ப்பூச்சாண்டி மெய்யானான். கட்டாய ஆட்சேர்ப்புக்கே இது பெயராயிற்று. விடுதலைப் புலிகள் இயக்கம் தன் கோரிக்கையை ‘வீட்டுக்கொரு பிள்ளை’ என்றது. பிடி என்ற வினையை ஊர்ச்சனம்தான் சேர்த்தது. கேட்டு வாங்கியதல்ல, பறித்தது என்பதை அந்த ஒரு வினை சொல்லிவிடுகிறது.

வீட்டுக்கொன்று என்பது கணக்கில் சமம். நடப்பில் அப்படியில்லை. காசுள்ள வீடு பிள்ளையைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பியது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்து வயற்கூலிக் குடும்பங்களுக்கு ஒளிக்க இடமில்லை. சந்தையிலும் கோயில் திருவிழாவிலும்கூடப் பிடித்தார்கள்.

2004 மார்ச்சில் புலிகளிடமிருந்து பிரிந்த அவர்களின் கிழக்குத் தளபதி கருணா, கிழக்கின் பிள்ளைகள் வடக்கில் மடிய, பொறுப்புகள் வடக்காருக்கே போகின்றன என்றார். முறைப்பாட்டில் உண்மை இருந்தது. ஆனால் 2006இல் அவருடைய அணியே பிள்ளை பிடித்தது. பிடிபட்டோரில் பெரும்பாலோர் ஏழைகள். பல வீடுகள் ஏற்கெனவே புலிகளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தவை என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2007 சனவரியில் பதிவுசெய்தது. அரச படையினர் இதற்கு உடந்தை என்றும் அது குற்றஞ்சாட்டியது.

அகராதியில் இச்சொல்லுக்குப் பூச்சாண்டிப் பொருளை மட்டும் தருவது பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்குச் செய்யும் அநீதி. இரண்டாம் பொருளையும் ஆண்டோடு எழுதவேண்டும்.