நடுப் பிக்அப் செத்திருந்தது

நாங்க நாலு பேர் காசு போட்டு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினோம். பழசுதான். 42,000 ரூபா சொன்னதை 35,000-க்கு இறக்கினோம். கெலிஓயாவிலிருந்து கம்பளைப் பக்கம் போற பஸ்ஸில் ஏறி, ஒரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அவங்க தந்த பிளேன்டீயைக் குடிச்சுக்கொண்டே பேசின பேரம். விற்றவரின் மாமா டுபாயில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்ததாம். தலைப்பகுதியில் கொம்பனிப் பெயர் சுரண்டுப்பட்டு, பின்பக்கத்தில் இந்தோனேசியாவில் செய்தது என்ற எழுத்து மட்டும் மிச்சம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி வடிவம்: இரண்டு கொம்பு, மூன்று பிக்அப், ஐந்து நிலை ஸ்விட்ச். அந்த வீட்டில் அம்ப் இல்லை. "எல்லாம் வேலை செய்யுது தம்பி" என்றார். நம்பினோம்.

வீட்டுக்கு வந்து அம்ப்பில் குத்திப் பார்த்தால் நடுப் பிக்அப் செத்திருந்தது. மற்ற இரண்டும் உயிரோடு இருந்தன, ஆனால் வாசிக்கிற சத்தத்தை விட இரைச்சல் கூட. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு டியூப் லைட் பக்கம் திரும்பினால் "ம்ம்ம்" என்ற முனகல் கூடுது, மறுபக்கம் திரும்பினால் குறையுது.

எங்கள்ல ஒருத்தர் உடனே சொன்னார்: மூன்றையும் கழற்றி எறிஞ்சிட்டு நல்ல பெயருள்ள பிக்அப் போடுவோம். விலை பார்த்தோம். ஒன்று 100 டொலரைச் சுற்றி வருது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒன்றுக்கு 30,000. மூன்றுக்கு 90,000, கப்பல் கூலியும் வரியும் வேற. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வீட்டில பெரியவங்க சொல்றது இதைத்தான். இன்னொருத்தர், இந்தக் கிட்டார் எப்பவும் மட்டமான கிட்டார்தான், என்ன போட்டாலும் சரிவராது என்றார். இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருந்தது: நல்ல சத்தம் என்பது எங்கேயோ, யாரோ விலை கூடிய சாமான்களால் செய்தது, எங்களுக்கு எட்டாது. அது உண்மையா என்று பார்க்கத்தான் பிக்அப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

பிக்அப் என்பது ரொம்ப எளிய சாமான். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசையும், கம்பிச் சுருளில் சின்ன மின்சாரம் பிறக்கும். பரடே 1831-இல் கண்டுபிடித்த அதே விஷயம். இதைக் கிட்டாருக்குக் கொண்டுவர இன்னும் நூறு வருஷம் எடுத்தது. கொண்டுவந்தவர் விஞ்ஞானியும் இல்லை. ஜோர்ஜ் போஷம் என்ற ஹவாயன் கிட்டார் வாசிப்பாளர். பாண்டில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவில் கிட்டார் கேட்கவே கேட்காது, அதுதான் அவருடைய பிரச்சினை. சலவை மெஷின் மோட்டாரை வைத்துச் சுருள் சுற்றினார் என்பார்கள். 1931, 32 வாக்கில் அடோல்ஃப் ரிக்கன்பாக்கரோடு சேர்ந்து அவர் செய்த அலுமினியக் கிட்டார் பார்க்க அப்படியே தோசைச் சட்டி மாதிரி இருக்கும். அதனாலேயே அதற்குப் 'பொரிக்கும் சட்டி' என்று பெயர் விழுந்தது. 1934-இல் கேட்ட காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது. அதற்குள் மற்றவர்களும் செய்யத் தொடங்கிவிட்டார்கள்; கிப்சன் கொம்பனியின் ஈஎஸ்-150 வந்தது 1936-இல்.

எங்க கையில் இருக்கிற வடிவத்தின் அப்பன் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் புல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! அதனால்தானோ என்னவோ, கிட்டாரையும் ரேடியோ மாதிரிதான் பார்த்தார்: கழற்றலாம், மாட்டலாம், ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். கழுத்தை ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு முறுக்கினார். 1950-இல் வந்த பிரோட்காஸ்டர், பெயர்த் தகராறில் 1951-இல் டெலிகாஸ்டர் ஆனது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இன்றைக்குப் பழைய கிட்டாரை வாங்கி நாங்களே பிரித்துப் பார்க்க முடிகிறதென்றால், அது அந்த ரேடியோ கடைக்காரரின் புண்ணியம்.

ஆனால் ஒற்றைச் சுருள் பிக்அப்புக்கு ஒரு வியாதி உண்டு. தந்தியின் அசைவை மட்டுமல்ல, சுவரில் ஓடுகிற கரண்ட்டையும் அது பிடிக்கும். அமெரிக்காவில் விநாடிக்கு 60 தடவை, இங்கே 50 தடவை மாறுகிற கரண்ட். எங்க டியூப் லைட் பக்கம் கேட்ட முனகல் அதுதான். கிப்சனில் வேலை செய்த சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வை, ஒன்றை மறுபக்கமாகச் சுற்று, காந்தத்தையும் தலைகீழாக்கு. இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் சத்தம் மட்டும் கூடும். இதைத்தான் ஹம்பக்கர் என்கிறோம். 1957-இலிருந்து கிட்டாரில் ஏறியது. காப்புரிமை கேட்டிருக்கிறோம் என்ற சின்ன ஸ்டிக்கர் ஒட்டிய அந்தக் காலத்துப் பிக்அப்புகள் இன்றைக்குச் சேகரிப்பாளர்களுக்குத் தங்கம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும், மந்திரம் என்பார்கள். காரணம் என்ன தெரியுமா? சுற்றுகிற மெஷினில் தானாக நிற்கும் வசதி கிடையாது. நிறைந்த மாதிரித் தெரிந்தால் வேலையாள் நிறுத்துவார். காந்தமும் எந்த ரகம் கைக்கு வந்ததோ அது. மந்திரம் என்று நாங்க கேட்டதெல்லாம் பாதி கைக்கணக்கு!

அந்தப் பிக்அப் போட்ட லெஸ் பால் கிட்டார்கள் அப்ப சரியாக விற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது. அதை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது லண்டனில் ஒரு பழைய கிட்டார். எரிக் கிளாப்டன் கடையில் இரண்டாம் கையாக ஒரு லெஸ் பால் வாங்கி, அதை வைத்து 1966-இல் ஜோன் மேயோலோடு ஒரு இசைத்தட்டு செய்தார். அந்தச் சத்தம் வேணும் என்று எல்லாரும் தேட, 1968-இல் கிப்சன் மறுபடி செய்யத் தொடங்கியது. கிளாப்டனின் கிட்டார் திருட்டுப் போய்விட்டது, அது வேற கதை.

லண்டன் என்றதும் ஒன்று சொல்லணும், இது எங்களுக்கு ரொம்ப நெருங்கின விஷயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியாவில் டொலர் தட்டுப்பாடு. 1951-இலிருந்து 1959 வரை அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்ய முடியாது. அந்த நாட்டுப் பொடியன்களும் படத்தில்தான் ஃபெண்டர் கிட்டாரைப் பார்த்தார்கள். பிரையன் மே அந்தத் தலைமுறையின் வால். 1963-இல், 16 வயதில், காசில்லாமல் அப்பாவோடு சேர்ந்து ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய நெருப்படுப்பு மேடையின் மரம். ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து. கழுத்தில் பதித்த புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். பிக்அப்பையும் தானே சுற்றினார். அது மட்டும் சரிவரவில்லை. தந்தியை வளைத்தால் வேண்டாத சத்தம் வந்தது. கடைசியில் பேர்ன்ஸ் என்ற உள்ளூர்க் கொம்பனியின் மூன்று பிக்அப்பை வாங்கிப் போட்டார். குவீன் குழுவின் பாட்டுகளில் நீங்க கேட்கிறது அந்தக் கிட்டாரைத்தான். எங்க சண்டைக்கு இதில் நேரடியாக ஒரு பாடம் இருந்தது: அவர் எல்லாவற்றையும் மாற்றவில்லை, எது உண்மையில் பிழையோ அதை மட்டும் மாற்றினார்.

எட்டி வான் ஹேலனும் அப்படித்தான். கழிவான உடம்பு 50 டொலர், கழுத்து 80 டொலர், பழைய கிப்சனிலிருந்து பிடுங்கின ஒரே ஒரு ஹம்பக்கர். 1978-இல் வந்த முதல் இசைத்தட்டு அந்தக் கிட்டாரில் வாசித்தது. (அவருடைய அம்மா ஜாவாவிலிருந்து வந்தவர். எங்க கிட்டார் இந்தோனேசியாவில் செய்தது என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனா எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.)

பிக்அப்பை மட்டும் தனியாக விற்கிற வியாபாரம் இந்த 1970-களில்தான் பெருகியது. லாரி டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டோர்ஷன் 1972-இல், சீமோர் டங்கன் கொம்பனி 1976-இல். மலிவுக் கிட்டாரில் செராமிக் காந்தம்தான் இருக்கும், அது மட்டம், அல்னிக்கோதான் நல்லது என்று எல்லாரும் சொல்வாங்க, நாங்களும் நம்பினோம். பார்த்தால், அந்தப் பேர்பெற்ற சூப்பர் டிஸ்டோர்ஷனுக்குள் இருக்கிறதும் செராமிக்தான்.

இலங்கையில் இந்தக் கதை எப்படிப் போனது? பைலாவும் வொலி பஸ்தியன்ஸின் பாட்டும் கிட்டாரை ஏற்கனவே வீட்டு வாத்தியமாக்கி வைத்திருந்தன. 1960-களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு வந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவைத்தான் சிங்களப் பாட்டில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு முன்னோடி என்கிறார்கள். தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று பொப் இசை கிளம்பி 1970-களில் நாடு முழுக்கப் பரவியது. அது என்ன காலம் என்று யோசித்துப் பாருங்க. 1970-இலிருந்து 77 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. பாணுக்கே வரிசையில் நின்ற காலம். இந்த நாட்டில் தமிழ்ப் பொப் வளர்ந்தது கடை நிறைய சாமான் இருந்த காலத்தில் இல்லை. 1977-இல் பொருளாதாரம் திறந்தது, ஆட்கள் மத்திய கிழக்குக்குப் போனார்கள், திரும்பி வரும்போது கெசட் ரேடியோவோடு எப்பவாவது ஒரு கிட்டாரும் வந்தது. 2020-இல் மறுபடி இறக்குமதித் தடைகள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் ஆனபோது எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று இப்ப யோசிக்கிறோம்.

சரி, எங்க நடுப் பிக்அப்.

கெலிஓயாவில் ஃபேன் மோட்டார், தண்ணி மோட்டார் சுற்றுகிற ஒரு நானா இருக்கிறார். கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தோம். மீட்டர் வைத்தார். நல்ல பிக்அப் இரண்டும் ஆறாயிரம் ஓம் பக்கம் காட்டின, செத்தது ஒன்றுமே காட்டவில்லை. "கம்பி அறுந்திருக்கு" என்றார். புதிதாகச் சுற்ற முடியுமா என்று கேட்டோம். சிரித்தார். அவரிடம் இருக்கிற ஆக மெல்லிய கம்பியே இதற்குத் தடிப்பு. இது தலைமுடி அளவு, மில்லிமீட்டரில் 0.06 பக்கம். ஆனால் பூதக்கண்ணாடியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். அறுந்திருந்தது உள்ளே இல்லை, வெளிமுனையில், ஈயம் வைத்த இடத்திலேயே. உள்முனையாக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். இரண்டு சுற்று கழற்றி, கம்பியின் பூச்சை மெதுவாகச் சுரண்டி, ஒரு துளி ஈயம் வைத்தார். மீட்டர் ஏறியது. 500 ரூபா கொடுத்தோம், 200 போதும் என்று மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

திரும்பக் கொண்டுவந்து மாட்டினோம். பிக்அப்புகள் தந்திக்கு ரொம்பக் கிட்ட இருந்தன. காந்தம் தந்தியை இழுத்து சுருதியைக் கெடுக்கும் என்று படித்திருந்ததால் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொஞ்சம் இறக்கினோம். அதற்குக் காசே இல்லை. உள்ளே குழியில் செம்பு நாடா ஒட்டி எர்த்தோடு சேர்த்தோம், புதுத் தந்தி போட்டோம். இது எல்லாம் சேர்த்து 3,000-க்குள்ள முடிந்தது.

பிறகுதான் நாங்க எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஸ்விட்ச்சை இரண்டாவது நிலையில் வைத்தோம், நடுவும் பாலத்துப் பக்கமும் சேர்ந்து வேலை செய்கிற நிலை. முனகல் காணாமல் போனது. நாலாவது நிலையிலும் அப்படியே. மீண்டும் டியூப் லைட் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நடுப் பிக்அப் மட்டும் மறுபக்கமாகச் சுற்றி, காந்தம் தலைகீழாக வைத்த வகை அது. சேத் லவர் 1955-இல் சொன்ன அதே வேலை, பெயர் சுரண்டுப்பட்ட ஒரு மலிவுக் கிட்டாருக்குள் முதல்ல இருந்தே இருந்திருக்கு. ஈயம் விட்டுப்போன ஒரு முனையால் இவ்வளவு நாளும் ஊமையாகக் கிடந்திருக்கு. நாங்க அதைத்தான் குப்பையில் எறியப் பார்த்தோம்.

பாலத்துப் பக்கப் பிக்அப் இன்னும் கொஞ்சம் கூர்மையாகத்தான் கத்துது. ஒருத்தர் அதற்கு ஒரு ஹம்பக்கர் போடணும் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். டோன் திருகை ஆறில் வைத்தால் போதும் என்று மற்ற மூன்று பேரும். ஒரு பிஸ்கட் டின்னில் காசு சேருது, இப்போதைக்கு 4,200 ரூபா. தனி நிலைகளில் வாசிக்கும்போது மட்டும் லைட்டை அணைத்துவிடுகிறோம்.