பாட்டுப் புத்தகத்தில் மிஞ்சிய சினிமா ராணி

தமிழின் முதல் பேசும்படம் எது என்று நம் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் ‘காளிதாஸ்’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். வினாடி வினாக்களில் அடித்துத் துவைத்த கேள்வி அது. கதாநாயகி யார் என்றால் பாதிப் பேராவது டி.பி. ராஜலட்சுமி என்பார்கள். அடுத்து, அவர் நடித்த ஒரே ஒரு காட்சியையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அது அவர்கள் குற்றமில்லை. ‘காளிதாஸ்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை.

ராஜலட்சுமி 1911-ல் திருவையாற்றில் பிறந்தவர். அப்பா பஞ்சாபகேச சாஸ்திரி. பெயருக்கு முன்னால் உள்ள டி.பி. என்பது அந்த ஊரும் அந்த அப்பாவும்தான். விவரம் தெரியாத வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. அப்பாவும் காலமாகிவிட, அம்மாவும் பெண்ணும் பிழைப்புத் தேடித் திருச்சிக்கு வந்தார்கள். அந்தச் சிறுமியிடம் கைவசம் இருந்தது பாட்டு ஒன்றுதான். பாட்டைக் கொண்டு சம்பாதிக்க ஒரு பெண்ணுக்கு அன்று இருந்த இடம் நாடக மேடை. சாஸ்திரிகள் வீட்டுப் பெண் மேடையேறினால் ஊரும் உறவும் என்ன பேசியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மேடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்கள் அவை: வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி. நிரந்தரக் கம்பெனிகள் ஒரு பக்கம் இருந்தன. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற ஏற்பாடு இன்னொரு பக்கம். வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் வேறு ஊரிலிருந்து, நாரதர் மூன்றாவது ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. பாடம் எல்லோருக்கும் ஒன்று என்பதால் நேரே மேடையில் சந்தித்து விடியவிடிய நடத்திவிடுவார்கள். மைக் கிடையாது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கும்போது கொட்டகையின் கடைசி வரிசைக்குச் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். எதிரில் நிற்பவர் திடீரென்று வேறு ராகத்தில் இழுத்தால் அதற்கும் ஈடு கொடுக்க வேண்டும். ராஜலட்சுமிக்குக் கிடைத்த பயிற்சி இதுதான். எந்த இன்ஸ்டிடியூட்டிலும் இப்படிக் கசக்கிப் பிழிய மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பேசும்படம் வந்தபோது அந்தப் பயிற்சிக்கு மவுசு வந்தது. பின்னணிப் பாட்டு என்ற வசதி அப்போது இல்லை. காமிரா ஓடும்போதே நடிகரும் பாடியாக வேண்டும். முதல் இந்தியப் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வை எடுத்த அர்தேஷிர் இரானி, அதே பம்பாய் ஸ்டுடியோவில் எச்.எம். ரெட்டியின் இயக்கத்தில் ‘காளிதாஸ்’ படத்தைத் தயாரித்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய படம். கதை காளிதாசன் கதை, ஆனால் உள்ளே தியாகராஜர் கீர்த்தனை வரும், குறத்தி நடனம் வரும், மதுரகவி பாஸ்கரதாஸின் தேசபக்திப் பாட்டும் வரும். காளிதாசனுக்கும் காந்தியின் கைராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைய ரசிகர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. நாடகத்திலும் அவர்கள் அப்படித்தான் கேட்டுப் பழகியிருந்தார்கள். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் படம் வெளியானது. பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியை ரயிலடியிலிருந்து தேங்காய் உடைத்து, பூத்தூவி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். ராஜலட்சுமிக்கு அப்போது இருபது வயது நிறைய இன்னும் சில நாட்கள் பாக்கி.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அவருடையவை. கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த ‘வள்ளி திருமணம்’ 1933-ல் வந்து வசூலைக் குவித்தது. ‘சினிமா ராணி’ என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சக நடிகர் டி.வி. சுந்தரத்தை மணந்துகொண்டார். இத்தோடு நின்றிருந்தாலே ஒரு நல்ல நட்சத்திர வாழ்க்கை.

அவர் நிற்கவில்லை. ‘கமலவல்லி’ என்று தாமே ஒரு நாவல் எழுதியிருந்தார். அதைத் தம் சொந்தக் கம்பெனியில் தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே நடித்து ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் 1936-ல் வெளியிட்டார். தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் அது. இந்திய அளவில் அவருக்கு முன்னால் பம்பாயில் ஃபாத்மா பேகம் 1926-ல் மௌனப் படம் இயக்கியிருக்கிறார். புராணக் கதை எடுத்தால் பணம் நிச்சயம் என்றிருந்த ஆண்டுகளில், சமகாலப் பெண் ஒருத்தியின் கதையை எடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு சுதந்திரப் போராட்டத்தைத் தொட்டு எடுத்த ‘இந்தியத் தாய்’ வெள்ளைக்காரத் தணிக்கையிடம் மாட்டிக்கொண்டு பெரிய நஷ்டத்தில் முடிந்தது. சம்பாதித்ததில் பெரும்பகுதி அதில் கரைந்தது. 1964-ல் அவர் காலமானபோது தமிழ் சினிமா அவரைக் கடந்து வெகுதூரம் போயிருந்தது.

அதே 1964-ல்தான் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. பழைய படங்களைப் பாதுகாக்க அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்தியபோது ‘காளிதாஸ்’ வெளியாகி முப்பத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் அந்தக் காலத்துப் பிலிம் பெரும்பாலும் போய்விட்டது. நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பற்றும். பற்றாவிட்டாலும் நம் கடற்கரைப் புழுக்கத்தில் இளகி, பிசுபிசுத்துப் பொடியாகும். மிஞ்சிய சுருள்களை, ஓடி முடித்த படத்தால் யாருக்கு என்ன பயன் என்று அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். தென்னிந்தியாவில் நூற்றுக்கு மேல் மௌனப் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் தப்பியது ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) ஒன்றுதான். அதையும் யாரும் ஆசைப்பட்டுப் பாதுகாக்கவில்லை. நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரத்துப் புத்தகப் பதிப்பகத்தார் வழக்குப் போட்டுப் படத்தை நிறுத்தினார்கள். சுருள்கள் பதிப்பகத்தாரிடமே கிடந்தன. 1974-ல் புனே காப்பகம் அவற்றை மீட்டது. வழக்குப் போடாமல் இருந்திருந்தால் அதுவும் வெள்ளிக்குப் போயிருக்கும்!

அப்படியானால் ராஜலட்சுமியைப் பற்றி நமக்கு இவ்வளவாவது எப்படித் தெரிகிறது? காகிதத்தால். நம்மில் எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் நினைவிருக்கும். கொட்டகை வாசலில் ஓரிரு அணாவுக்கு விற்ற சாணித்தாள் புத்தகம். நடிகர் பட்டியல், பாட்டுகள், பாதியில் நின்றுவிடும் கதைச் சுருக்கம், பின்னட்டையில் கூந்தல் தைல விளம்பரம். படம் அழிந்தது, அது பிழைத்தது. கூடவே நாடக நோட்டீஸ்கள், பத்திரிகை விளம்பரங்கள், ஸ்டில்கள். இவற்றைச் சேர்த்து வைத்தவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அல்ல. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளை வீட்டில் குவித்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதுதான் இன்று தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதேபோல ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன், பத்திரிகைத் தொடர்பாளர் வேலையோடு ஆயுள் முழுக்க ஸ்டில்களும் பட விவரங்களும் சேர்த்தார். அந்தச் சேகரிப்பைப் பின்னாளில் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. இவர்கள் வீட்டில் உள்ளவர்கள் “இந்தக் குப்பையை என்றைக்குத்தான் தூக்கிப் போடுவீர்கள்?” என்று கேட்காமலா இருந்திருப்பார்கள்?

நம் பிளாக்குகளில் வீடு மாறுகிறவர்கள், பிள்ளைகளோடு வெளிநாடு போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காலி செய்யும் வாரத்தில் பரணிலிருந்து இறங்கும் டிரங்குப் பெட்டி நேராகப் பழைய பேப்பர் வண்டிக்குப் போகிறது. உங்கள் பாட்டி வானொலியில் பாடியவராக இருக்கலாம். பெரியப்பா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்திருக்கலாம். யாரோ ஒருவர் சபாவில் டிக்கெட் கிழித்திருக்கலாம். அந்தப் பெட்டியில் பாட்டுப் புத்தகமோ நாடக நோட்டீஸோ மேடைப் போட்டோவோ கிடந்தால் வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வேண்டாம் என்றால் தரமணி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். வைத்துக்கொள்வதானால் லாமினேஷன் செய்யாதீர்கள், செலோ டேப்பும் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் பசை பழுத்துக் காகிதத்தையே தின்றுவிடும். முக்கியமாக, போட்டோவில் இருப்பவர் யார், எந்த ஊர் மேடை, எந்த வருடம் என்பதை இன்னும் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுப் பின்புறம் எழுதி வையுங்கள். மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.