உறைபனி நாள்களும் காய்கறிப் போகங்களும்: நீலகிரி வேளாண் வரலாற்றில் ஒரு பார்வை

ஆய்வுச்சுருக்கம்

கடைசி உறைபனி நாளையும் முதல் உறைபனி நாளையும் எல்லைகளாகக் கொண்டு காய்கறித் தோட்டத்தைத் திட்டமிடும் முறை குளிர்மண்டல நாடுகளுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் காய்கறிகள் நீலகிரியில் வேரூன்றின. ஆயினும் அவற்றின் பயிர்க்காலம் இங்கே வேறொரு கணக்கில் அமைந்தது. பனி, மழை, நில அமைப்பு ஆகிய மூன்றும் இணைந்த அக்கணக்கே நீலகிரியின் முப்போகப் பகுப்பு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முதன்மைச் சொற்கள்: உறைபனி, நீலகிரி, முப்போகம், உருளைக்கிழங்கு, மலைக்காய்கறி.

முன்னுரை

தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இப்பகுப்பில் ‘பனி’ என்னும் சொல் ஒரு பருவத்தின் பொதுப்பெயராக நிற்கிறது. நீலகிரியிலோ நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு. நீர்ப்பனி பயிரை நனைக்கும்; உறைபனி கருக்கும். ஒன்று மற்றொன்றாக மாறும் நாளை அறிவது அங்குள்ள உழவருக்கு இன்றியமையாதது.

தோட்டத்தின் வருகை

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தார். ஐரோப்பியக் காய்கறிகளும் பழமரங்களும் மலையில் பரவியதற்கு அவருடைய முயற்சி முதற்காரணமாகச் சொல்லப்படுகிறது. 1845இல் உதகை வாழ் ஐரோப்பியர் மாதம் 3 ரூபாய் சந்தாவில் ஒரு காய்கறித் தோட்டத்தை ஏற்படுத்தினர். 1848இல் வில்லியம் கிரகாம் மெக்கைவர் பொறுப்பேற்று உருவாக்கிய அரசினர் தாவரவியல் பூங்காவின் முன்வரலாறு இத்தோட்டமே. ராகி, சாமை முதலியவற்றை விளைவித்து வந்த படகர்கள் காலப்போக்கில் உருளைக்கிழங்கை முதன்மைப் பயிர்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டனர். யார் கொண்டுவந்தனர் என்பதை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ள அளவுக்கு, வந்த பயிர் எந்த மாதத்தில் எந்த நிலத்தில் நிலைகொண்டது என்பது பேசப்படவில்லை.

இருவேறு பனிக்காலங்கள்

இங்கிலாந்தில் உறைபனி குளிர்காலத்தோடு வந்து வசந்தத்தோடு விலகுகிறது. மழையோ ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது. ஆகவே அங்குத் தோட்டக்காரருக்கு உறைபனி நாள்கள் இரண்டும் தெரிந்தால் பயிர்க்காலத்தின் நீளம் தெரிந்துவிடும்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் உறைபனி பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விழுகிறது. மேகமற்ற வானம், வறண்ட காற்று, அசைவற்ற இரவு ஆகியன சேரும்போது நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டம் நீடித்தால் அவ்வெப்பம் தடுக்கப்பட்டு முதல் உறைபனி தள்ளிப்போகிறது. எனவே நீலகிரியில் உறைபனி நாள் என்பது குளிரின் அளவை மட்டுமன்றி, மழை ஓய்ந்த நாளையும் சார்ந்தது. பனி விலகிய பின்னரும் விதைக்க மழையையோ பாசன நீரையோ எதிர்நோக்க வேண்டும்.

முப்போகக் கணக்கு

இவ்விரு நிபந்தனைகளுக்கும் உட்பட்டே உருளைக்கிழங்கின் போகங்கள் அமைந்தன. ஏப்ரல், மே மாதங்களில் நடப்படும் கார்போகம் கோடைமழையையும் தென்மேற்குப் பருவமழையையும் நம்பியது. அதற்கு உறைபனி அச்சம் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் நடப்படும் கடைபோகம் முதல் உறைபனியை எதிர்நோக்கியே வளர்கிறது. நடவு சில வாரங்கள் தாமதித்தால் கிழங்கு பருக்கும் தருணத்தில் இலை கருகும். ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கும் நீர்போகம் பாசனத்தைச் சார்ந்தது. அதன் இளம்பயிர் கடைசி உறைபனியைக் கடந்தாக வேண்டும்.

நீரும் பனியும் ஓரிடத்தில்

நீர்போகத்தில்தான் நில அமைப்பின் முரண் வெளிப்படுகிறது. வறண்ட மாதங்களில் நீர் கிடைப்பது பள்ளத்தாக்கின் அடியில், ஓடைகளையும் சதுப்பு நிலங்களையும் ஒட்டி. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே இரவில் அது சரிவுகளில் இறங்கித் தேங்குவதும் அங்கேதான். மேற்சரிவு பனிக்குத் தப்புகிறது, ஆனால் நீரற்றது. தாழ்நிலம் நீருடையது, ஆனால் உறைபனிக்கு இலக்காகிறது. தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் புல்வெளி வெண்மையாகும் காலையிலும் அருகிலுள்ள சரிவு பசுமையாக இருக்கக்கூடும். உதகை முழுமைக்கும் ஒரே உறைபனி நாளைக் குறிப்பது இதனாலேயே போதாது.

பயிர்த் தேர்வும் இதைச் சார்ந்தது. உருளைக்கிழங்கும் பீன்ஸும் உறைபனியைத் தாங்கா; முட்டைக்கோஸும் கேரட்டும் ஓரளவு தாங்கும். வெயில் ஏறுமுன் நீர் தெளித்துப் பனியைக் கழுவுவதும், தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலாறு கொண்டு மூடுவதும் நாள்கணக்கு பொய்க்கும்போது கைக்கொள்ளப்படும் காப்புகள்.

முடிவுரை

நீலகிரிக் காய்கறி வரலாற்றை அறிமுகப்படுத்தியவர்களின் வரலாறாக மட்டும் எழுதுவது நிறைவுடையதாகாது. விதையைக் கொணர்ந்தது ஒரு செயல். அதைப் பனிக்கும் மழைக்கும் இடையில் பொருத்தியது மற்றொரு செயல். பின்னதன் சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. போகங்களின் பெயர்களிலும், எந்த வயலில் எப்போது நடலாம் என்னும் முதியோர் நினைவிலும் உள்ளன. வானிலை நிலையத்தின் வெப்பமானி தான் நிற்கும் இடத்தின் பனியையே அளக்கும். காய்கறி நிலங்கள் தேயிலைக்கும் கட்டடங்களுக்கும் மாறிவரும் இந்நாளில், வயல்வாரியான அந்நினைவுகளை ஊர்தோறும் தொகுத்து வானிலைப் பதிவுகளோடு ஒப்பிடுவது உடனடியாகச் செய்யத்தக்க ஆய்வாகும். வயல் மறைந்தபின் அதன் பனிநாளை வேறெங்கிருந்தும் மீட்க இயலாது.