ஹெல்சிங்கியில் இன்னும் நிற்கும் ஜார்

சுதந்திரம் கிடைச்சா முதல்ல ஆண்டவன் சிலையைத்தானே உடைப்பாங்க? பின்லாந்துல அப்படி நடக்கலை. ஹெல்சிங்கி செனட் சதுக்கத்தில் ரஷ்ய ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் 1894-லிருந்து நிற்கிறார். (நானும் முதல்ல நம்பலை!)

அறுநூறு வருஷத்துக்கும் மேல ஸ்வீடன் ஆட்சி. 1809-ல் நாடு ரஷ்யா கைக்குப் போச்சு, ஆனா ஆபீஸ் மொழி ஸ்வீடிஷ்தான். பெரும்பான்மை மக்கள் பேசின ஃபின்னிஷுக்கு அங்கே இடம் கொடுத்து 1863-ல் ஆணை போட்டது இந்த ஜார்தான்.

1899-ல் பேரன் இரண்டாம் நிக்கோலஸ் சுயாட்சியில கை வச்சார். ரெண்டே வாரத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல கையெழுத்து சேர்ந்தது. மனு கொண்டுபோன குழுவை அவர் பார்க்கவே இல்லை. ஜனங்க சத்தம் போடாம தாத்தா சிலைக்குக் கீழே பூவாக் குவிச்சாங்க. இதைவிட நாசூக்கா ஒரு ராஜாவைத் திட்ட முடியுமா?

1917 டிசம்பர் 6-ல் விடுதலைப் பிரகடனம். 1918 உள்நாட்டுப் போர்ல 36,000 பேருக்கு மேல செத்தாங்க. சிலையை எடுக்கணும்னு பிறகு குரல் எழுந்தது. எடுக்கலை.