பிடியரிசிக் கடன்

பாலவனத்தம் என்றதும் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரும், 1901இல் அவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கமும் நினைவுக்கு வரும். அது பெரிய கொடைதான், ஆனால் புலவர்களுக்கானது. இந்த வானம் பார்த்த பூமியில் ஏழைப் பிள்ளைக்கான கொடை அடுப்படியில் பிறந்தது. பக்கத்து விருதுநகரில் அன்று உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைப்பார்கள். அந்தப் பிடியரிசியும் வணிகர்கள் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கிய மகமையும் சத்திரிய வித்யாசாலை என்ற பள்ளியை நடத்தின. அங்கே படித்தவர் காமராசர். அவர் முதலமைச்சரானபின், மாடு மேய்த்த சிறுவன் ஒருவன் அவரிடம் சோறு போட்டால் படிக்க வருவதாகச் சொன்னதே பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு வித்து என்பார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் அவர் காதில் தைத்ததற்குக் காரணம், ஊர்ச் சோற்றுக் கடன் அவர் அறிந்தது என்பதே என் கணிப்பு.

பசியாற்றுவது அரசின் கடமை, ஏழை ஊரிடம் ஏன் கையேந்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; விளைச்சல் பொய்த்தால் ஊர்ப்பானையும் காலிதான். ஆனாலும் 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த அந்தத் திட்டத்தில் முதலில் சோறு போட்டது ஊரார் நன்கொடை. அரசு மானியம் பிறகே வந்தது.