ஓவா, சுழியா?

உயிர்வேதியியல் பாடப்புத்தகத்தில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைக் கட்டும் நொதி, ஏடிபி சிந்தேஸின் படத்தைப் பாருங்கள். சவ்வுக்கு வெளியே துருத்தி நிற்கும் குமிழ் எஃப்-ஒன்று. சவ்வுக்குள் புதைந்த பகுதியைப் பல மாணவர்கள் 'எஃப்-பூஜ்யம்' என்பார்கள். ஒன்றுக்கு முன்னால் பூஜ்யம்தானே? அச்சிலும் அது வட்டமாகவே இருக்கிறது. ஆனால் அது எண்ணல்ல, ஆங்கில எழுத்து ஓ.

1960இல் எஃப்ரெயிம் ராக்கர் குழுவினர் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்டிரியாவிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் எஃப்-ஒன்று. எஃப் 'காரணி'யைக் குறிக்கும் என்பர் சிலர். பிரித்தெடுத்த 'பகுதி'யைக் குறிக்கும் என்பர் வேறு சிலர். ஒன்று வெறும் வரிசை எண். பின்னால் இரண்டு, மூன்று என்றும் வந்தன, அவை வழக்கொழிந்துவிட்டன.

சிக்கல் ஒன்று இருந்தது. ஒலிகோமைசின் என்ற நச்சு, சவ்வோடு இருக்கும் நொதியை முடக்கும். தனியே பிரித்த எஃப்-ஒன்றை அது ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் நச்சுக்கு மசியும் குணம் சவ்வில்தான் இருக்க வேண்டும். 1966இல் யசுவோ ககாவாவும் ராக்கரும் அந்தப் பகுதியைப் பிரித்துக் காட்டினார்கள். ஒலிகோமைசினின் முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று. உறுப்பு செய்யும் வேலையை விட்டுவிட்டு, அதை முடக்கும் நஞ்சை வைத்துப் பெயர்!

மைட்டோகாண்டிரியாவின் எஃப்-ஒன்றுக்குக் குளிர் ஆகாது. பனிக்கட்டியில் வைத்தால் செயலிழக்கும். ஜப்பான் திரும்பிய ககாவாவும் அவருடைய குழுவினரும் பிஎஸ்3 என்ற வெப்பநாட்ட பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். அதன் நொதி உறுதியானது. துணையலகுகளாகப் பிரித்து மறுபடி கோக்கலாம். பெயருக்கு முன்னால் வெப்பத்தைக் குறிக்க ஒரு 'டி' சேர்ந்தது. ஓ மட்டும் மாறவில்லை. பாக்டீரியாக்களின் நொதிகள் பெரும்பாலும் ஒலிகோமைசினைச் சட்டை செய்வதில்லை என்பது வேறு கதை. மாட்டு இதயத்தில் ஒட்டிய பெயர், பொருந்தாத இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்படி இடம் மாறிய பெயர் இது மட்டுமல்ல. வெந்நீரூற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் இதே போன்ற சுழல் நொதியை 'வி' வகை என்பார்கள். வி என்றால் வேக்குவோல், அதாவது செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழி. அந்த பாக்டீரியாவுக்கு வேக்குவோலே கிடையாது! ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் நொதியை ஒத்திருப்பதால் சிலர் 'ஏ' என்றார்கள். கடைசியில் 'வி/ஏ' என்று சமாதானம்.

பிஎஸ்3இன் உறுதி 1997இல் பெரிதும் கைகொடுத்தது. நோஜி, யசுதா, யோஷிதா, கினோசிதா ஆகியோர் அதன் எஃப்-ஒன்றைக் கண்ணாடியில் பொருத்தி, நடுத்தண்டில் ஒளிரும் ஆக்டின் இழையைக் கட்டிவிட்டார்கள். ஏடிபி சேர்ந்ததும் நுண்ணோக்கியில் இழை சுழன்றது. முழு நொதியில் இந்தத் தண்டைச் சுற்றுவது எஃப்-ஓ: பிஎஸ்3இல் சவ்வுக்குள் இருக்கும் அதன் வளையத்தில் 10 துணையலகுகள். 10 புரோட்டான்கள் கடந்தால் ஒரு சுற்று, மேலே 3 ஏடிபி.

தமிழில் எழுதும்போது எனக்கு ஒரு சபலம். பூஜ்யத்துக்கு நம்மிடம் 'சுழி' என்ற பெயர் உண்டு, நீர்ச்சுழலும் சுழிதான். 'எஃப்-சுழி' என்பது வரலாற்றுப்படி பிழை, எழுதமாட்டேன். ஆனால் சவ்வின் பக்கமிருந்து பார்த்தால் நடுத்தண்டு, ஏடிபியை உடைக்கையில் இடஞ்சுழியாகவும் கட்டுகையில் வலஞ்சுழியாகவும் சுற்றுகிறது.